முதலில் சாகிறவன்

கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன் நான்,
ஷார்ஜாவில், பத்தாம் நம்பர் இண்டஸ்ட்ரியல் ஏரியா,
டயர்க்கடைக்கும் கஃப்டீரியாவுக்கும் நடுவில்.
வாளுக்கு உறை கேட்டு வந்தவன் தோமாஷ்,
போலந்துக்காரன், ஏசி டக்ட் எஞ்சினியர்.
யோகா பாயில் சுருட்டிக்கொண்டு வந்தான்
மூன்றடி இரும்பை.

"கூர் வேண்டாம்" என்றான் முதலில்.
வாளோடு வருகிறவன் பேசுகிற பேச்சா இது?
விளிம்பு இரண்டு மில்லி கனம்,
முனை இருபத்தைந்து ஃபில்ஸ் காசளவு உருண்டை.
யாருக்கும் ரத்தம் வரக்கூடாது.
ஆனால் அறுநூறு வருஷம் பழசாகத் தெரியவேண்டும்.

கிரைண்டரில் கூரைக் கொன்றேன்.
வினிகர் நனைத்த துணியில் ஓரிரவு,
ஆறிப்போன சுலைமானியில் ஓரிரவு.
அறுநூறு வருஷத்துக்கு நூற்றிருபது திர்ஹாம்.
எனக்கு இங்கே பதினோரு வருஷம் ஆகிறது,
அதற்கு யாரும் ரேட் கேட்டதில்லை.

தோல் திண்டுக்கல்லிலிருந்து வந்தது,
மச்சான் அந்தோணிராஜ் பெட்டியில்,
முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில்.
ஆவாரம்பட்டையில் பதனிட்ட எருமை.
ஊரில் இந்த வாடை என் சட்டையில் இருந்தால்
பஸ்ஸில் பக்கத்து சீட் கடைசிவரை காலியாக வரும்.
தோமாஷ் அதை முகத்தோடு சேர்த்து
மூச்சை இழுத்தான், கண்ணை மூடிக்கொண்டு.
நான் திரும்பி நின்று நூலுக்கு மெழுகு தேய்த்தேன்,
தேவைக்கு மேலேயே.

பக்கெட்டில் தோல் குமிழி விடுவது நின்றால்
நனைந்துவிட்டது என்று கணக்கு.
வாளுக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே தோலைப் போர்த்தி,
டீஸ்பூன் முதுகால் அழுத்தி அழுத்தி
ஏசிக்குக் கீழே கிடத்தினேன்.
விடிந்ததும் உருவினேன்.
வாள் இல்லாமலே உள்ளே வாள் இருந்தது.

ஒரு உறையில் ரெண்டு கத்தி இருக்காது என்பார்கள்.
எங்கள் அறையில் எட்டுப் பேர்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை,
மலீஹா தாண்டி, மணல்மேட்டில் யுத்தம்.
வார் அறுந்தால் தைக்க என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.
டயோட்டா பிக்கப்பிலிருந்து இறங்கின
இரும்புச் சட்டைகள், இரண்டு கொடிகள், ஒரு ஐஸ் பெட்டி.
ஒரு படையில் ஆள் குறைந்தது:
லெபனான் பல் டாக்டருக்கு அவசர நோயாளி.
"மாசிலா, நீ நில்" என்றான் தோமாஷ்.
"முதலில் சாகிறவன் நீ. தட்டினதும் விழு, போதும்."

சாக்குச் சட்டை, தகரத் தொப்பி,
கையில் பல் டாக்டரின் ஈட்டி.
ஊளையிட்டு ஓடிவந்தார்கள்.
யாரோ தோளில் தட்டினார்கள், விழுந்தேன்.

செத்துக் கிடப்பது இவ்வளவு சுகமென்று தெரியாது.
முதுகுக்குக் கீழே இன்னும் ராத்திரியின் குளிர்,
ஃபோன் பிக்கப்பில்,
யாரும் எதையும் அவசரம் என்று சொல்லவில்லை.
மேலே டுபாய் போகிற விமானம் ஒன்று
தாழ்ந்து கடந்தது, சக்கரம் இறங்காமல்.

அப்போது என் கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி
தோமாஷின் கால். இடுப்பில் என் உறை.
அதன் அடிவிளிம்பில், முனைக்குச் சற்று மேலே,
ஒரு தையல் விடுபட்டிருந்தது.

மேசையில் மூன்று முறை திருப்பிப் பார்த்தேன்.
கொடுக்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
செத்தவன் படுத்திருக்கிற கோணத்திலிருந்து
அதை நான் பார்க்கவேயில்லை.

எழுந்தேன்.
"ஏய், நீ செத்துட்டே!" என்று கத்தினான் எதிரிப்படைக்காரன்.
"ஒரு நிமிஷம்" என்றேன்.
தோமாஷின் இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன்.
தொப்பிக்குள் செருகியிருந்த இரண்டு ஊசியும் வெளியே வந்தன.
நான்கு துளை பின்னால் போய்ப் பிரித்து,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
ஊசிகள் குறுக்கே போய் வந்தன.
சுற்றி இரண்டு படைகளும் நின்றன, மூச்சு வாங்கிக்கொண்டு.
யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள்.
தோமாஷ் வாளைத் தலைக்கு மேலே தூக்கியபடியே
அசையாமல் நின்றான், அளவெடுக்கப்படுகிற பிள்ளை மாதிரி.

நூலைப் பல்லால் கடித்தேன்.
"ம், இனி வெட்டுங்கள்."

மணலில் என் பள்ளம் அப்படியே கிடந்தது,
தலை, தோள், வலது குதிகால் வரைக்கும்.
போய்ப் படுத்தேன்.
கொஞ்சமும் இடைவெளி இல்லை.